நுங்கு போன்ற கட்டி

என் உடலில் இருந்த ஒரே கட்டிக்கு மூன்று ஆண்டுகளில் நான்கு பெயர்கள் விழுந்தன. அம்மா அதைச் சூட்டுக்கட்டி என்று சொல்லி, வெந்தயம் ஊறவைத்த தண்ணீரைக் காலையில் குடிக்க வைத்தார். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் குடும்பத்தை வழக்கமாகப் பார்க்கும் டொக்டர் கொழுப்புக்கட்டி என்றார். பெண்ணோயியல் நிபுணர் ஒருவர் பார்த்தோலின் சுரப்பியில் நீர்க்கட்டி என்று துண்டில் எழுதினார். நான்காவது பெயர் 2017ஆம் ஆண்டு, எனக்கு 42 வயதாக இருக்கும்போது வந்தது. அதை உச்சரிக்கவே எனக்கு இரண்டு நாள் பிடித்தது: அக்ரெசிவ் ஆஞ்ஜியோமிக்ஸோமா.

நான் உயர்தர வகுப்பு மாணவிகளுக்கு உயிரியல் கற்பிப்பவள். இழையங்களின் வகைகளையும் இனப்பெருக்கத் தொகுதியின் படத்தையும் ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் வரைந்து, பிள்ளைகள் தலையைக் குனிந்து சிரித்தால் கண்டித்தும் இருக்கிறேன். அப்படிப்பட்ட நான் 2014இல், வலது பக்கத்துத் தொடையிடுக்குக்குச் சற்று உள்ளே, பெண்ணுறுப்பின் வெளி உதட்டில் தேசிக்காய் அளவில் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டதை அம்மாவிடம் சொல்லும்போது, "கீழே ஒரு கட்டி" என்றுதான் சொன்னேன். "கீழே" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எங்கள் வீட்டுப் பெண்கள் முழு உறுப்புத் தொகுதியையும் வைத்து மூடிவிடுவோம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, மாதவிடாயில் மாற்றம் இல்லை. ஆகவே ஒரு டொக்டரிடம் ஆடை விலக்கிக் காட்டுவதற்கு எனக்கு ஓராண்டுக்கு மேல் சென்றது. இந்த ஓராண்டுக்கு வேறு யாரையும் நான் குறை சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு நடந்ததற்குச் சிறிது குறை சொல்லலாம். பார்த்தோலின் சுரப்பிகள் யோனி வாசலின் இரு பக்கமும், பின்புறமாக, மணிக்கூட்டு முகத்தில் நாலு மணியும் எட்டு மணியும் இருக்கும் இடத்தில் அமைந்தவை. 1677இல் அவற்றை விவரித்த டென்மார்க்கின் உடற்கூற்றியலாளர் காஸ்பர் பார்த்தோலினின் பெயர் அவற்றுக்கு நிலைத்துவிட்டது. அங்கே நீர்க்கட்டி வருவது மிகச் சாதாரணம். என்னுடைய வீக்கமோ அந்த இடத்தைவிட முன்னுக்கும் மேலுக்கும் நீண்டிருந்தது, படுத்தால் சற்று உள்வாங்கியது, இருமினால் மீண்டும் பிதுங்கியது. இவ்வளவும் கவனித்திருந்தும் நான் வாய் திறக்கவில்லை. சனலிங் என்ற முன்பதிவு செய்து இரண்டு மணிநேரம் காத்திருந்து உள்ளே போனவளுக்கு ஆறு நிமிடம் கிடைத்தது. ஸ்கேன் எதுவும் எடுக்கப்படவில்லை. 2016 தொடக்கத்தில் ஒரு தனியார் வைத்தியசாலையில் அந்த "நீர்க்கட்டியை" வெட்டியபோது நீர் வரவில்லை. பசை போன்ற ஏதோ ஒன்றைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியதாகச் சொன்னார்கள். வந்த அறிக்கை, வீங்கிய நார் இழையம் என்ற அளவில் ஒரு வரியில் முடிந்திருந்தது. தையல் ஆறியது, நானும் மறந்துவிட்டேன். எட்டு மாதத்தில் அது அதே இடத்தில், முன்னையதிலும் பெரிதாக வந்து நின்றது.

இரண்டாவதாக நான் போன வைத்திய நிபுணர் என்னைப் பரிசோதித்து முடித்ததும் கேட்ட முதற்கேள்வி, சிறுநீர் அடிக்கடி போகிறதா என்பது. போகிறதுதான், ஆனால் இரண்டு பிள்ளைகள் பெற்றவளுக்கு அது இயல்பு என்று நான் நினைத்திருந்தேன். அடுத்த கேள்வி, முதல் சத்திரசிகிச்சையில் எடுத்த இழையத்தின் மெழுகுக்கட்டை எங்கே என்பது. ஆய்வுகூடத்துக்குப் போகும் இழையத்தைப் பாரபின் மெழுகில் பதித்து, அதிலிருந்து மயிரிழையிலும் மெல்லிய சீவல்களை வெட்டிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயமிடுவார்கள். அறிக்கை ஒரு தாள் மட்டுமே. சாட்சி அந்த மெழுகுக்கட்டைதான். எத்தனை ஆண்டு கழித்தும் அதை மறுபடி சீவிப் பார்க்கலாம். பத்திரப்படுத்த வேண்டியது அறிக்கை என்று நம்பி அதை நான் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன். கட்டையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, எனக்குக் கேட்கவும் தெரியவில்லை. அலைந்து திரிந்து அதை மீட்டெடுக்க மூன்று கிழமை ஆனது.

அதற்குள் எம்.ஆர்.ஐ. எடுத்தாகிவிட்டது. படச்சுருளை வீட்டுக்குக் கொண்டுவந்து, கடற்கரைப் பக்கத்து யன்னல் வெளிச்சத்தில் நானும் என் கணவரும் பிடித்துப் பார்த்தோம். இடுப்பெலும்புகள் இரண்டும் கறுப்பு வளையமாகத் தெரிந்தன. கருப்பை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வலப்புறம் முழுவதும் வெண்மையான ஒரு பெரும் உருவம், கீழே குறுகி மேலே அகன்று, உள்ளே மோர் கடையும்போது எழும் சுழிபோல மங்கலான வரிகளுடன் கிடந்தது. என் கையில் தேசிக்காயாகத் தட்டுப்பட்டது அதன் நுனி மட்டுமே. கதிரியல் அறிக்கையின்படி மொத்த நீளம் 14 சென்ரிமீற்றர். இடுப்பின் தளத்தைத் தாங்கும் தசைத் தட்டைக் கடந்து, மேலே சிறுநீர்ப்பையின் அருகுவரை அது போயிருந்தது. பனங்கிழங்கு முளைத்த பாத்தியில் வெளியே ஓலை நுனியை மட்டும் பார்த்துவிட்டு, மண்ணுக்குள் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டியதுபோலத்தான் முதல் வெட்டு நடந்திருக்கிறது.

இந்தக் கட்டியின் குணத்தை அந்தப் படமே முக்கால்வாசி சொல்லிவிட்டது என்று பின்னர் விளக்கினார்கள். நீர்த்தன்மை மிகுந்தது ஆதலால் ஒருவகைப் படத்தில் அது வெளிறித் தெரியும், உள்ளே அந்தச் சுழி வரிகள் இருக்கும், தசைத் தளத்தின் மேலும் கீழும் ஒரே நேரத்தில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அக்கம்பக்கத்து உறுப்புகளைத் துளைக்காமல் ஒதுக்கிவிட்டு இடம் பிடிக்கும். 14 சென்ரிமீற்றர் கட்டியை வைத்துக்கொண்டு நான் நாள்தோறும் ஐந்து பாடவேளை நின்று கற்பித்ததன் இரகசியம் இதுதான். ஊசி குத்தி உறிஞ்சிப் பார்ப்பதால் பயன் குறைவு, ஏனெனில் பசை நிறைந்த அந்த இழையத்தில் கலங்கள் மிக ஐதாகவே கிடக்கும். கொழுப்புக்கட்டி, நீர்க்கட்டி என்று பெயர் மாறி மாறி வருவது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இந்நோயைப் பற்றிய மருத்துவக் கட்டுரைகளில் இந்த இரு பெயர்களும் குடலிறக்கம் என்ற பெயரும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆகவே முதல் வைத்தியர் நோயின் பெயரைக் கண்டுபிடிக்கவில்லை என்பது என் மனக்குறை அல்ல. ஒருவர் தம் தொழில் வாழ்வில் ஒரு தடவைகூடக் காணாமல் போகக்கூடிய நோய் இது. நீர் வரும் என்று வெட்டிய இடத்தில் நீர் வராதபோது, அந்த வியப்பை அவர் அங்கேயே விட்டுவிட்டார் என்பதுதான் குறை.

மெழுகுக்கட்டையைப் பார்த்த நோயியல் நிபுணர் ஒரு தமிழ்ப் பெண்மணி. நான் உயிரியல் ஆசிரியை என்று அறிந்ததும், "டீச்சர், வந்து பாருங்கோ" என்று இருவர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய நுணுக்குக்காட்டியின் மறுமுனையில் என்னை அமர்த்தினார். நான் பயங்கரமான ஒன்றை எதிர்பார்த்துப் போயிருந்தேன். தெரிந்ததோ வெளிறிய இளஞ்சிவப்புப் பரப்பு. அதில் நட்சத்திரம்போலும் கதிர்போலும் சிறு கலங்கள், சனக்கூட்டம் கலைந்த மைதானத்தில் நிற்கும் நாலைந்து பேரைப்போலத் தள்ளித் தள்ளி நின்றன. பிரிந்துகொண்டிருக்கும் கலம் ஒன்றையும் காணோம். இடையிடையே குருதிக்கலன்கள், சில மெல்லியவை, சில தடித்த சுவருடையவை. அந்தக் கலன்களை ஒட்டி மழமழப்பான தசை நார்கள் சிறு சிறு கொத்தாகக் கிடப்பதை அம்மையார் அம்புக்குறியால் தொட்டுக் காட்டி, இதுதான் தனக்கு வழி காட்டியது என்றார். அடுத்த தகட்டில் ஈஸ்திரோஜன் ஏற்பிகளுக்கான சாயம் போட்டிருந்தார்கள். கலங்களின் கருக்கள் எல்லாம் கபில நிறமாக ஏறியிருந்தன. புரோஜெஸ்தரோனுக்கும் அப்படியே. தசைக்குரிய டெஸ்மின் புரதமும் இருந்தது. நரம்பு சார்ந்த கட்டிகளில் தெரியும் எஸ்-100 இல்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளில், 12ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள எச்.எம்.ஜி.ஏ.2 என்ற பரம்பரையலகு இடம் குழம்பியிருக்கும் என்றும், அது பிறந்தபின் அந்தக் கட்டியின் கலங்களில் மட்டும் நேர்வது, பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதல்ல என்றும் சொன்னார். அதை நான் கேட்காமலே அவர் சொன்னதற்கு இன்றும் நன்றியுடையவள். என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது.

பெயரைப் பிரித்துப் பொருள் சொன்னதும் அவர்தான். ஆஞ்ஜியோ என்றால் கலன், மிக்ஸா என்றால் சளி, ஓமா என்றால் கட்டி, மூன்றும் கிரேக்கம். அக்ரெசிவ் என்ற முன்னொட்டு, 1983இல் ஸ்டீப்பரும் ரொசாயும் ஒன்பது பெண்களின் இடுப்புக் கட்டிகளை ஆராய்ந்து இந்நோயைத் தனி வகையாக விவரித்தபோது சேர்த்தது. அது சுற்றியுள்ள கொழுப்புக்கும் தசைக்கும் ஊடே விரல் நீட்டி ஊடுருவுவதாலும், எடுத்தபின் அதே இடத்தில் திரும்பி வருவதாலுமே அப்படிப் பெயரிட்டார்கள். நுரையீரலுக்கோ வேறிடத்துக்கோ பரவுவது மிக மிக அரிது. பிற்காலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டு நூல்கள் "ஆழமான" என்ற அடைமொழியை முன்னுக்கு வைத்தன. ஆனால் என் அறிக்கையில் இருந்தது பழைய அடைமொழி. என் கணவர் அந்த முதற்சொல்லை மட்டும் வாசித்துவிட்டுக் காலி வீதியில் காரை ஓரம் கட்டிச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். தமிழில் நாங்கள் கட்டி என்போம், அல்லது புற்றுநோய் என்போம். இரண்டுக்கும் நடுவில் ஓரிடம் இருக்கிறது என்பதை உறவினருக்கு விளங்கவைக்க எனக்குச் சொல் கிடைக்கவில்லை. கிளினிக்கில் தாதிமார் சிங்களத்தில் "கெடிய" என்றார்கள். மாங்காய்க்கும் தேங்காய்க்கும் சொல்லும் அதே சொல். அதைக் கேட்கும்போது எனக்கு என்னவோ பயம் குறைந்தது.

கிளினிக் என்றேன். சிகிச்சையின் ஓமோன் பகுதிக்காக என்னைப் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் மகரகமவுக்கு அனுப்பினார்கள். கொழும்பில் "மகரகமவுக்குப் போகிறா" என்றால் யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. ஊரின் பெயரே நோயின் பெயராகிவிட்டது. பாமன்கடையால் கிருலப்பனைக்குப் போய் 138 பஸ் பிடித்து, பக்கத்து வீட்டார் கண்ணில் படாமல் போய்வந்தேன். அங்கே வாங்கில் என்னோடு அமர்ந்திருந்த பெண்களிடமிருந்துதான் என் கட்டிக்கும் உறவுக்காரர் உண்டு என்று தெரிந்துகொண்டேன். ஓர் உறுப்பில் தொழில் செய்யும் கலங்கள் ஒரு பக்கம், அவை படுத்திருக்கும் விரிப்புப்போன்ற தாங்கிழையம் மறு பக்கம். ஸ்ட்ரோமா என்ற கிரேக்கச் சொல்லுக்கே படுக்கை என்றுதான் பொருள். நாங்கள் அஞ்சும் புற்றுநோய்கள் பெரும்பாலும் முதல் வகைக் கலங்களில் எழுபவை. என்னுடையதைப்போல விரிப்பில் எழும் கட்டிகள் வேறு சாதி.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஓர் அக்காவுக்குக் கருப்பை உள்வரியின் தாங்கிழையத்தில் வந்த சார்கோமா. நார்க்கட்டி என்று நினைத்துக் கருப்பையை எடுத்து, பரிசோதனையில் வேறாக வந்தது. தீவிரம் குறைந்த அந்த வகையில், 7ஆம் 17ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம் மாறி, ஜாஸ்எஃப்1, சூஸ்12 என்ற இரு பரம்பரையலகுகள் ஒட்டிக்கொள்வது பலரிடம் காணப்படுகிறது. கருப்பைக் கட்டிகளை வயிற்றுக்குள்ளேயே இயந்திரத்தால் அரைத்துச் சிறு துளையால் எடுக்கும் முறைக்கு எதிராக 2014இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது, நார்க்கட்டி என்று நம்பி இப்படிப்பட்ட ஒன்றை அரைத்து வயிறெங்கும் சிதறவிடும் அபாயத்துக்காகத்தான். இன்னொரு பெண்மணிக்குச் சூலகத்தில் கிரனுலோசாக் கலக் கட்டி. மாதவிடாய் நின்று பல ஆண்டு கழித்து மீண்டும் குருதிப்போக்கு வந்ததால் பிடிபட்டது. அந்தக் கட்டி தானே ஈஸ்திரோஜனைச் சுரந்து, ஓய்ந்திருந்த கருப்பையை எழுப்பியிருக்கிறது. பெரியவர்களுக்கு வரும் இந்த வகையில் ஏறத்தாழ எல்லாக் கட்டிகளிலும் ஃபொக்ஸ்எல்2 என்ற பரம்பரையலகில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதை 2009இல் கண்டுபிடித்தார்கள். பத்து, இருபது ஆண்டு கழித்தும் இது திரும்பலாம் என்பதால் அவருக்கு இன்ஹிபின் என்ற குருதிப் பரிசோதனை தொடர்ந்து செய்கிறார்கள். எங்கள் மூவருடைய நோயும் வேறு வேறு. அபாயமும் வேறு, அவர்களுடையது என்னுடையதைவிடக் கடுமையானது. ஆனாலும் ஓமோனோடு உள்ள உறவும், அவசரமில்லாமல் வளர்ந்து அவசரமில்லாமல் திரும்பும் சுபாவமும் மூன்றுக்கும் பொது.

என் கட்டியின் கலங்கள் ஈஸ்திரோஜனை ஏற்பவை என்று சாயம் காட்டியதால், வெட்டுவதற்கு முன் அதன் தீனியை நிறுத்திப் பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள். 28 நாளுக்கு ஒரு தடவை கோசெரலின் 3.6 மில்லிகிராம், வயிற்றுத் தோலுக்குக் கீழே. அந்த ஊசி பேனா ரீஃபில் அளவு தடிப்பு. அதனுள் அரிசிமணி போன்ற வெள்ளைத் துணுக்கு ஒன்று இருக்கிறது, உள்ளே தங்கி மாதம் முழுவதும் சிறுகச் சிறுகக் கரைகிறது. மூளையடியிலுள்ள கபச்சுரப்பியை அது முதலில் தூண்டும், இடைவிடாமல் தூண்டித் தூண்டியே மழுங்கடிக்கும், பிறகு சூலகம் ஓய்ந்துபோகும். ஆகவே முதல் இரண்டு கிழமை எல்லாம் கூடியதுபோல இருந்தது. அதன்பின் மாதவிடாய் நின்றது. 42 வயதில், சித்திரை மாதத்துக் கொழும்பு வெக்கையில், பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே கழுத்திலிருந்து தீ ஏறி நெற்றி நனையும். மாணவிகள் ஒருவரும் கேளாமலே யன்னல்களைத் திறந்து வைப்பார்கள். எலும்பு தேயும் என்பதால் எலும்பின் அடர்த்தியை அளந்து, கல்சியம் தந்தார்கள். நாலு மாதத்தில் 14 சென்ரிமீற்றர் 9 ஆனது. சிலருக்கு இந்த மருந்தாலேயே கட்டி முழுதாக மறைந்ததும் உண்டு என்றார்கள். எனக்கு அவ்வளவு வாய்க்கவில்லை.

சத்திரசிகிச்சை வயிற்றாலும் கீழாலும் இரு வழியாக நடந்தது, ஐந்து மணிநேரம் எடுத்தது. முன்பெல்லாம் இந்தக் கட்டியை வேரோடு களைய வேண்டுமென்று சுற்றிலும் அகலமாக, சில வேளை மலக்குடலின் பகுதியையும் சேர்த்து எடுப்பார்களாம். பின்னர் திரட்டப்பட்ட நோயாளர் விபரங்களில், விளிம்புவரை சுத்தமாக எடுத்தவர்களுக்கும் சிறிது விட்டுவிட்டவர்களுக்கும் மீள்வருகையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. கதிர்வீச்சும் வழக்கமான கீமோ மருந்துகளும், கலப்பிரிவு இவ்வளவு குறைந்த கட்டியில் அதிகம் வேலை செய்வதில்லை. இதை முன்னாளே என்னோடு அமர்ந்து விளக்கிய நிபுணர், சிறுநீர்ப்பையும் குடலும் முழுமையாக இருக்க ஒரு துணுக்கு மிஞ்சினால் பரவாயில்லையா, இல்லை துணுக்கு மிஞ்சாமல், கழிவு சேரும் பையை வயிற்றுக்கு வெளியே கட்டிக்கொண்டு வாழச் சம்மதமா என்று நேரடியாகக் கேட்டார். முதலாவதற்குக் கையொப்பமிட்டேன். அன்று எடுத்ததை எஃகுத் தட்டில் வைத்து இவருக்குக் காட்டியிருக்கிறார்கள். நீரூறி, பளபளத்து, விரலால் அழுத்தினால் வழுக்கியதாம். "முத்தாத நுங்கு மாதிரி இருந்தது, உமக்குப் பிடிக்குமே" என்று இவர் சொன்னதற்கு, தையல் வலியோடு நான் சிரித்ததை அந்த வார்டில் யாரும் மெச்சவில்லை.

2021இல் அந்த மிஞ்சிய துணுக்கின் இடத்தில் எம்.ஆர்.ஐ. 2.5 சென்ரிமீற்றர் நிழலைக் காட்டியது. எதிர்பார்த்ததுதான். மறுபடி வெட்டாமல் ஊசியைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு நாட்டில் அந்நியச் செலாவணி வற்றி, மருந்துக்கும் பெற்றோலுக்கும் ஒன்றாகத் தட்டுப்பாடு வந்தபோது, எனக்குரிய மாதத்தில் ஊசி எங்குமே கிடைக்கவில்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று பாமசி பாமசியாக இவர் சைக்கிளில் தேடினார். கடைசியில் சென்னையிலிருந்த சின்னம்மாவின் மகன், வந்த ஒருவரிடம் மூன்று ஊசியைக் குளிர்ப்பைக்குள் வைத்துக் கொடுத்தனுப்பினான். அதற்குள் 19 நாள் தவறியிருந்தது, மாதவிடாயும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அடுத்த படத்தில் நிழல் வளரவில்லை என்று தெரியும்வரை நான் சரியாக உறங்கவில்லை.

இப்போது எனக்கு 50 வயது. இந்த ஆண்டு தொடக்கத்தில் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாதவிடாய் திரும்பவில்லை, குருதிப் பரிசோதனையும் இயற்கையாகவே நின்றுவிட்டது என்று காட்டுகிறது. சூலகம் தானாக ஓய்ந்தபின் கட்டிக்குத் தீனி குறையும் என்பதால், இனி ஊசி தேவைப்படாமல் போகலாம் என்கிறார்கள். நிழல் 1.1 சென்ரிமீற்றரில் நிற்கிறது. அடுத்த எம்.ஆர்.ஐ. தை மாதம். பழைய படச்சுருள்கள் அனைத்தும் அலுமாரிக்குப் பின்னால் ஆண்டு வரிசையில் நிற்கின்றன. இரண்டு மெழுகுக்கட்டைகளின் இலக்கங்களையும் டயரியின் முதற்பக்கத்தில் எழுதி, அந்தப் பக்கத்தை மகளுக்குக் காட்டி வைத்திருக்கிறேன். சென்ற மாதம் அவள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, "அம்மா, பெண்ணுறுப்பில ஒரு சின்னக் கட்டி மாதிரி இருக்கு" என்றாள். மயிர்க்கால் வீங்கியிருந்தது, நாலு நாளில் போய்விட்டது. அவள் "கீழே" என்று சொல்லவில்லை.